போட்ட மருந்து எங்கே போயிற்று?

கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் என் தாய்மாமனுக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் உண்டு. சென்ற ஆண்டு தை மாதம் அங்கே போயிருந்தேன். தக்காளிச் செடிகள் நடுப்பகலில் வாடித் தலை சாய்ந்து நின்றன. மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கிறது. மாலை வெயில் தாழ்ந்ததும் செடிகள் மறுபடி நிமிர்ந்துகொண்டன. மறுநாள் பகலில் மீண்டும் அதே வாட்டம். மாமா ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக் காட்டினார். வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக, மணி கோத்த கயிறு போல் இருந்தது.

"குருணை மருந்து போட்டேன் மாப்ளே. ரெண்டு தடவை போட்டாச்சு. முடிச்சு அப்படியேதான் இருக்குது. போட்ட மருந்து எங்கதான் போச்சு? நீ பிசிக்ஸ் வாத்தியாராச்சே, சொல்லு பாக்கலாம்" என்றார்.

அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள். பயிரின் நோய் தாவரவியலாருடையது. மருந்தின் அமைப்பு வேதியியலாருடையது. மண்ணில் போட்ட ஒரு பொருள் எந்த வழியில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரம் போகும் என்பது மட்டும் சந்தேகமின்றி எங்கள் பாடம். மாமாவுக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த எவரும் உடன் வரலாம்.

முடிச்சுக்குள் இருப்பது யார்?

அவரை, நிலக்கடலை போன்ற பயறுவகைச் செடிகளின் வேரிலும் முடிச்சுகள் உண்டு. அவை நைட்ரஜனைச் சேர்த்துத் தரும் நல்ல பாக்டீரியாக்களின் வீடுகள். வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். தக்காளி, கத்தரி, வெண்டை, வாழை இவற்றில் காணும் முடிச்சு அப்படிப்பட்டதன்று. வேரே வீங்கியிருக்கும். தேய்த்தால் வேர்தான் அறுபடும். இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை.

நூற்புழுக்கள் எல்லாமே நமக்குப் பகையல்ல. மண்ணில் வாழ்பவற்றில் மிகப் பல பாக்டீரியாக்களையும் பூசணங்களையும் தின்று பிழைக்கின்றன. வேரைத் தாக்குபவை சில இனங்களே. நம் நாட்டில் இவற்றைப் பற்றிய முதற்குறிப்பே தமிழ்நாட்டிலிருந்து கிடைத்தது. 1901-இல், நீலகிரியில் கூடலூரை அடுத்த தேவாலாவின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேர்முடிச்சைக் கண்டு எழுதியவர் பார்பர் என்னும் தாவரவியலார். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவரும் இவரே.

முட்டையிலிருந்து வரும் இளம்புழு சுமார் 0.4 மி.மீ. நீளம் இருக்கும். தடிமன் ஏறத்தாழ 0.015 மி.மீ.; நம் தலைமயிரின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவேதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. இது மண் துகள்களைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்து நெளிந்து நகர்கிறது. வேரின் நுனியில் துளைத்து உள்ளே புகுகிறது. சாறு ஓடும் குழாய்களுக்கு அருகே ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. சுற்றியுள்ள சில செல்கள் பிரியாமல் பருத்துப் பல உட்கருக்களைக் கொண்ட அரக்கச் செல்களாகின்றன. பிறகு புழுவுக்கு இடம்பெயரும் தேவையே இல்லை. உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு! பெண்புழு பேரிக்காய் போல் உருண்டு பருத்து, 300 முதல் 500 முட்டைகள் வரை ஒரு கூழ்ப்பையில் இடுகிறது. மண்ணின் வெப்பம் 27 பாகை அளவில் இருந்தால் இந்தச் சுற்று முடிய ஒரு மாதம் போதும்.

ஒரு சிறு கணக்கு. 400 முட்டைகளில் பத்தில் ஒன்று மட்டுமே பிழைக்கிறது என்று கொள்வோம். ஒரு புழு மாதக் கடைசியில் 40 ஆகும். இரண்டாம் மாதம் 1,600. மூன்றாம் மாதம் 64,000. ஆண்புழுவின் துணையின்றியே முட்டையிடும் இனம் என்பதால் பிழைத்தவை அனைத்தும் முட்டையிடும் என்றே கொள்ளலாம். தக்காளியோ நான்கைந்து மாதப் பயிர். ஓசூர், பாகலூர், தளி வட்டாரங்களில் பசுமைக்குடில் அமைத்து ரோஜாவும் கார்னேஷனும் குடைமிளகாயும் வளர்ப்பவர்கள் இந்தப் புழுவுக்கு ஏன் அவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். அங்கே ஒரே மண்ணில் ஆண்டு முழுவதும் இடைவெளியின்றிப் பயிர் நிற்கிறது.

செடி ஏன் பகலில் வாடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரக்கச் செல்கள் வளரும்போது நீரை மேலே கொண்டுசெல்லும் குழாய்கள் நசுங்கி உருக்குலைகின்றன. மாலையில் இலை கேட்கும் நீர் குறைவு. நசுங்கிய குழாய் அதைச் சமாளிக்கும். உச்சி வெயிலில் இலை கேட்பதை அதனால் கொடுக்க முடிவதில்லை. விவசாயி நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் பாய்ச்சுகிறார். அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

இருநூறு லாரி மண்ணில் ஒரு கிலோ

இலையைத் தின்னும் புழுவுக்கு மருந்து தெளித்தால் மருந்து நேரே அதன் மேல் விழும். நூற்புழுவிடம் அது நடவாது. ஒரு எக்டேர் நிலத்தில் 15 செ.மீ. ஆழம் வரை உள்ள மண்ணின் எடை சுமார் 2,000 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 200 லாரி. அதில் நாம் போடும் மருந்து, குருணையின் மாப்பொருளை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஒன்று அல்லது இரண்டு கிலோ. இந்த ஒரு கிலோ 200 லாரி மண்ணின் ஒவ்வோர் இடுக்குக்கும் தானாகப் போய்ச் சேரவேண்டும்! கைகொண்டு கலக்க இயலாது. ஆகவே நூற்புழு மருந்துக்கு வேண்டிய முதல் குணம் நஞ்சு அன்று; நடை. மண்ணில் நடக்கத் தெரியாத நஞ்சு எவ்வளவு கொடியதானாலும் பயனில்லை.

மண்ணில் நடக்க இரண்டே வழிகள் உள்ளன. துகள்களின் இடுக்குகளில் உள்ள காற்றின் வழியே ஆவியாகப் போகலாம். அல்லது நீரில் கரைந்து நீரோடு போகலாம்.

காற்று வழி

வகுப்பறையின் ஒரு மூலையில் ஊதுபத்தி கொளுத்தினால் சற்று நேரத்தில் மறு மூலைக்கு மணம் வருகிறது. அசையாத நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் ஒரு சொட்டு மையை விட்டால், கலக்காமல் வைத்திருந்தால், அது பரவி முடிய நாட்கணக்கில் ஆகும். (ஊதுபத்தி விஷயத்தில் அறைக் காற்றின் ஓட்டமும் சேர்ந்துகொள்கிறது என்பதை மாணவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். சரிதான்.) மூலக்கூறுகள் தாமாக மோதி மோதிப் பரவுவதை விரவல் என்கிறோம். காற்றில் விரவும் வேகக்கெழு நீரில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு.

அதனால்தான் பழைய மருந்துகள் எல்லாம் ஆவி மருந்துகளாக இருந்தன. 1870-களில் ஜெர்மனியின் கூன் சர்க்கரைக் கிழங்கு வயல்களில் நூற்புழுவை ஒழிக்கக் கார்பன் டைசல்பைடைப் பயன்படுத்திப் பார்த்தார். முதல் உலகப்போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட குளோரோபிக்ரின், போர் முடிந்தபின் மண்ணுக்குள் வந்தது. 1943-இல் ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்களில் டி.டி. கலவை என்னும் மலிவான மருந்தைக் கார்ட்டர் என்பவர் அறிமுகப்படுத்தினார். (இது கொசுவுக்கு அடித்த டி.டி.டி. அன்று, வேறு பொருள்.) தொடர்ந்து எத்திலீன் டைபுரோமைடு வந்தது, 1955-இல் டி.பி.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் டைபுரோமோகுளோரோபுரோப்பேன் வந்தது. 'நெமகான்' என்ற பெயரில் விற்றது இதுதான்.

ஆவி மண்ணுக்குள் எவ்வளவு வேகமாகப் போகும்? இதை 1940-இல் அளந்தவர் ஓர் இயற்பியலார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பென்மன். கார்பன் டைசல்பைடு, அசிட்டோன் ஆவிகளை நுண்துளைப் பொருள்களின் வழியே விட்டுப் பார்த்து ஓர் எளிய விதியைக் கண்டார்: வெறும் காற்றில் உள்ள விரவல் கெழுவை, மண்ணில் காற்று நிரம்பிய பங்கால் பெருக்கி, மேலும் 0.66 ஆல் பெருக்க வேண்டும். வளைந்து வளைந்து போகவேண்டியிருப்பதால் அந்த 0.66. மண்ணின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு காற்று என்றால், ஆவி ஒரு நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் பரவும். நீரின் வழியே மட்டும் விரவினால் ஒரு நாளில் அரை சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் போகும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. புழு இருப்பது காற்றில் அன்று, நீர்ப்படலத்தில். ஆவி காற்றில் பயணம் செய்து, நீரில் இறங்கி, அங்கிருந்து புழுவின் உடலுக்குள் நுழையவேண்டும். நீரில் இறங்க மறுத்தால் கொல்லாது. மிக விரும்பி இறங்கினால் வழியிலேயே தங்கிவிடும், தூரம் போகாது. மெதில் புரோமைடு, காற்றில் 1 பங்கு இருக்கும்போது அதே கொள்ளளவு நீரில் 4 பங்கு இருக்கும். டி.பி.சி.பி. நீரில் நூற்றுக்கு மேற்பட்ட பங்கு இருக்கும். இதைக் கணக்கில் சேர்த்தால், முதலில் சொன்ன அரை மீட்டர், மெதில் புரோமைடுக்கு நாளொன்றுக்கு 20 செ.மீ. ஆகவும் டி.பி.சி.பி.க்கு 4 செ.மீ. அளவாகவும் சுருங்குகிறது. தோராயக் கணக்குத்தான். களிமண்ணும் மட்கும் பிடித்துவைப்பதை நான் சேர்க்கவில்லை.

இந்த இரண்டு எண்களிலேயே இரண்டு மருந்துகளின் கதையும் அடங்கிவிடுகிறது. மெதில் புரோமைடு 4 பாகையிலேயே கொதிக்கும் பொருள். விரைந்து பரவி விரைந்து கொல்லும். அதே விரைவில் மண்ணைவிட்டு மேலேயும் போய்விடும். பிளாஸ்டிக் தாளால் நிலத்தை மூடினாலும் போட்டதில் பெரும் பங்கு தப்பி வானுக்குப் போயிற்று. அங்கே அதிலுள்ள புரோமின், குளோரினைவிடப் பல பத்து மடங்கு திறமையாக ஓசோனைச் சிதைத்தது. 1992-இல் அது மாண்ட்ரியல் உடன்பாட்டின் பட்டியலில் சேர்ந்தது. வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் நம்மைப் போன்ற நாடுகள் 2015-க்குள்ளும் வயல் பயன்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று. துறைமுகங்களில் சரக்கைச் சுத்திகரிக்க மட்டும் இன்றும் கட்டுப்பாட்டுடன் பயன்படுகிறது.

டி.பி.சி.பி.யின் கொதிநிலை 196 பாகை. மெல்ல மெல்ல ஆவியாகும். நாளுக்கு 4 செ.மீ. என்றால் வேரைச் சுடாது. நிற்கும் பயிருக்கே போடலாம். வாழை, திராட்சைத் தோட்டக்காரர்கள் இதை வரமாகக் கருதினார்கள். மேலே தப்பாத பொருள் வேறெங்கே போகும்? நீரிலே தங்கிற்று, நீரோடு கீழே இறங்கிற்று. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், மருந்தை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆனபின்பும் கிணறுகளில் அது காணப்பட்டது. அதற்கு முன்பே இன்னொரு செய்தி வெளிவந்திருந்தது. 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ராப் நகரில், இம்மருந்தைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது கவனித்தார்கள். சோதித்ததில் விந்தணுக்கள் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருப்பது தெரிந்தது. எலிகளின் விதைப்பைகளை இது பாதிக்கிறது என்ற ஆய்வு 1961-இலேயே அச்சாகியிருந்தது. பதினாறு ஆண்டுகள்! நூலகத்தில் உறங்கும் ஒரு கட்டுரைக்கும் ஆலை வாசலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க எங்கள் பாடத்தில் விதி எதுவும் இல்லை. அமெரிக்கா 1979-இல் பெரும்பாலான பயன்களைத் தடை செய்தது. இந்தியாவில் 1989-இல் தடை வந்தது. எத்திலீன் டைபுரோமைடு 2001-இல் தடையாயிற்று.

நீர் வழி

இனி மாமாவின் குருணைக்கு வருவோம். பையில் அச்சிட்டிருந்த பெயர் கார்போபியூரான் 3 சதவீதம். இது ஆவியாவதில்லை. நீரில் கரைந்து நீரோடு நடப்பது. எக்டேருக்கு 33 கிலோ குருணை போட்டால் ஒரு கிலோ மருந்து. 15 செ.மீ. ஆழ மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு நீர் என்றால் 3 லட்சம் லிட்டர் நீர் உண்டு. வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 3.3 மில்லிகிராம். கார்போபியூரான் லிட்டர் நீரில் 300 மில்லிகிராமுக்கு மேல் கரையக்கூடியது. ஆகவே போட்டது முழுதும் கரைந்துவிடும்.

லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்பது புழுவைக் கொல்ல அல்ல, தடுமாறச் செய்யத்தான் போதும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினைச் செய்தி முடிந்ததும் துடைத்தெடுக்க ஒரு நொதி உண்டு. கார்போபியூரான் அந்த நொதியை முடக்குகிறது. புழுவுக்கு நெளிவு தாறுமாறாகிறது. வேர் எங்கே என்று தேடிப்போக முடிவதில்லை. உணவின்றிச் சேமித்த கொழுப்பு தீர்ந்து மடியும். ஆனால் சில நாட்களில் மருந்து கரைந்துபோய்விட்டால் புழு தெளிந்து எழுந்துவிடும்! இது ஒருவகை மயக்க மருந்து. நொதி நமக்கும் பறவைக்கும் ஒன்றே என்பதால் நஞ்சும் பொதுவே. குருணையை விதையென்று கொத்தும் சிறு பறவைக்கு ஒன்றிரண்டு குருணையே எமனாகும். கார்பமேட் வகை மருந்துகள் பலவற்றுக்கு மூலப்பொருளான மெதில் ஐசோசயனேட்தான் 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது என்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.

சரி, மயக்கம் தெளியாமலிருக்க மருந்து வேர்மட்டத்தில் ஒரு மாதமாவது நிற்கவேண்டும். நிற்கிறதா? செடி வாடுகிறதே என்று மாமா மடை திறந்துவிட்டார். ஒரு பாய்ச்சலில் 5 செ.மீ. உயர நீர் என்று கொள்வோம். மண் ஏற்கெனவே ஈரமாயிருந்தால், புதுநீர் பழைய நீரைக் கீழே தள்ளும். மண்ணின் ஐந்தில் ஒரு பங்கே நீருக்கான இடம் என்பதால் 5 செ.மீ. நீர் மண்ணில் 25 செ.மீ. இறங்கும். மருந்தைப் பிடித்துநிறுத்துவது மட்கு. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் அது மிகக் குறைவு. நீரின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில் மருந்தும் இறங்குகிறது என்று வைத்தால், ஒரு பாய்ச்சலுக்கு 13 அல்லது 14 செ.மீ.; மூன்றே பாய்ச்சலில் 40 செ.மீ. புழுக்கள் மிகுதியாக உள்ள மேல்மண்ணைத் தாண்டிவிட்டது. பத்து நாளில் மருந்து முடிச்சைவிட்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

மாமாவின் கேள்விக்கு முதல் விடை இது. கீழே போயிற்று. கீழே என்றால் இறுதியில் கிணற்றுப் பக்கம். குடிநீரில் கார்போபியூரான் லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நாம் மேலே கண்ட மண்ணீர் அதைப்போல் ஏறத்தாழ 470 மடங்கு. போகும் வழியில் மருந்து சிதைகிறது, நிறைய நீரோடு கலந்து நீர்த்தும் போகிறது. அப்படியே கிணற்றில் சேர்ந்துவிடும் என்று யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் சேராது என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களில் வண்டுக்கும் நூற்புழுவுக்கும் போட்ட ஆல்டிகார்ப், இன்னும் அதிகமாக நீரில் கரைவது, மணற்பாங்கான மண்ணைக் கடந்து 1979-இல் வீட்டுக் கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆல்டிகார்ப் நம் நாட்டில் 2001-இல் தடையாயிற்று. போரேட் 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நின்றது. கார்போபியூரானிலும், உறையிட்ட 3 சதவீதக் குருணையைத் தவிர மற்ற எல்லா வடிவங்களையும் அரசு 2023-இல் தடை செய்தது.

இன்னும் இரண்டு விடைகள் உள்ளன. திரும்பத் திரும்ப ஒரே நிலத்தில் போட்டால், கார்போபியூரானையே உணவாகக் கொள்ளும் மண் பாக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. முதல் ஆண்டு வாரக்கணக்கில் நின்ற மருந்து பிறகு சில நாட்களில் காணாமற்போகிறது. மூன்றாவது, மாமா கேட்காமல் விட்டது: முடிச்சு என்பது செடியின் சதை. உள்ளே புழு செத்தாலும் முடிச்சு கரையாது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்ததா என்று தீர்மானிக்கவே முடியாது. மருந்துக்கு வேலை புழு வேருக்குள் நுழையுமுன். அதாவது நடவுக்கு முன் அல்லது நடவின்போது.

நீலகிரிப் பாடம்

மருந்தால் மட்டும் எவ்வளவு ஆகும் என்று பார்க்க வெளிநாடு போகவேண்டியதில்லை. 1961-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஜோன்ஸ் என்பவர் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கு வேரில் பொன்னிறக் கடுகு போன்ற சிறு உருண்டைகளைக் கண்டார். முட்டைக்கூட்டு நூற்புழு. இங்கே தாய்ப்புழு இறந்தபின் அதன் தோலே பதனிட்ட தோல் போல் பழுப்பேறிக் கெட்டியாகி, உள்ளே 200 முதல் 500 முட்டைகளைக் காக்கும் கூடாகிறது. உருளைக்கிழங்கு வேர் கசியும் சாறு மண்ணீரில் கலந்து வந்தால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரியும். வராவிட்டால் இருபது ஆண்டுகள்கூட உள்ளே உறங்கும். கூட்டின் சுவரைத் தாண்டி மருந்து நுழைவது அரிது.

நீலகிரியில் எக்டேருக்கு 2 கிலோ மருந்து வரும் அளவில் கார்போபியூரான் குருணை பரிந்துரைக்கப்பட்டது. விளைச்சல் காப்பாற்றப்பட்டது. புழு ஒழியவில்லை. மழை மிகுந்த, சரிவான மலையில் மருந்தின் ஒரு பங்கு ஓடைக்குப் போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1971-இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. 1985-இல் முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக குப்ரி சுவர்ணா என்ற எதிர்ப்பு ரகம் கிடைத்தது. அந்த ரகத்தின் சாறும் முட்டையைப் பொரிக்கச் செய்யும். ஆனால் வந்த புழு வேரில் வளர முடியாது. பூட்டைத் திறந்துவிட்டுச் சோற்றை மறைத்துவைக்கும் உபாயம்! மருந்து அறுபது ஆண்டுகளில் செய்ததைவிட இந்த ரகமும் மாற்றுப்பயிரும் செய்தது அதிகம் என்பது என் கருத்து. 2018-இல் இமாசலம் போன்ற வடமலை மாநிலங்களிலும் இப்புழு இருப்பது தெரிந்து, அங்கிருந்தும் விதைக்கிழங்கு அனுப்பத் தடை வந்தது.

புதிய மருந்துகள் வந்திருக்கின்றனவே என்று கேட்பீர்கள். வந்திருக்கின்றன. புளூயோபைரம் முதலில் பூசணக்கொல்லியாகப் பிறந்தது. நரம்பை விட்டுவிட்டு, புழுவின் செல்கள் மூச்சைச் சக்தியாக மாற்றும் இடத்தில் அடிக்கிறது. லிட்டர் நீரில் 16 மில்லிகிராம் அளவே கரையும், மட்கோடு ஒட்டிக்கொள்ளும். நான் மேலே போட்ட கணக்கையே இதற்குப் போட்டால், ஒரு பாய்ச்சலுக்கு 2 செ.மீ. சுமாருக்கே இறங்குகிறது. வேர்மட்டத்தில் நிற்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் நிற்பதற்கும் ஒரு விலை உண்டு: பாதியாகச் சிதைய மாதங்கள், சில மண்களில் ஓராண்டுக்கு மேல்கூட ஆகிறது. புளூயென்சல்போன் என்பது இன்னொன்று. மயக்குவதோடு நில்லாமல் மீளமுடியாதபடி கொல்கிறது. ஆனால் வேகமாக நடப்பது. நடக்கும் மருந்து தப்பிப்போகும். நிற்கும் மருந்து தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கோ வாங்குகிறோம்.

ஆகவே நடையைக் குறைப்பதைவிடப் போடும் இடத்தைக் குறைப்பதே எனக்கு அறிவுடையதாகப் படுகிறது. ஓர் ஏக்கர் தக்காளிக்கு நாற்றங்கால் ஒரு சென்ட் போதும். நிலத்தில் நூற்றில் ஒரு பங்கு. இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் நாற்று விற்கிறார்கள். அதில் புழுவே இராது. முதல் மாதம் தப்பினாலே நாம் போட்ட பெருக்கல் கணக்கில் ஒரு 40 குறைந்துவிடும். வாழைக்கன்றின் கிழங்கைச் சீவிக் களிமண் குழம்பில் தோய்த்து 40 கிராம் குருணை தூவி நடும் பழைய முறையும் இந்த வகையே.

வெயிலையும் விடக்கூடாது. சித்திரை வெயிலில் ஈரமண்ணை மெல்லிய பாலிதீன் தாளால் ஐந்தாறு வாரம் மூடிவைத்தால் மேல்மண் 50 பாகையை எட்டக்கூடும். 1976-இல் இஸ்ரேலில் விளக்கப்பட்ட முறை. ஆனால் அன்றாட வெப்ப அலை மண்ணுள் 12 செ.மீ. போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும், 30 செ.மீ.இல் பத்தில் ஒரு பங்கும் இராது. ஆழத்துப் புழு பிழைக்கும். எதிர்ப்புத் தக்காளி ரகங்களும் உண்டு. அவற்றின் மி என்னும் மரபணு, மண் 28 பாகையைத் தாண்டினால் வேலை செய்வதில்லை. குளிர்ந்த ஓசூர் மேட்டில் அது உதவும் அளவுக்குப் பாரூரின் கோடையில் உதவாது.

இவ்வளவையும் பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் மாமாவிடம் போய்ச் சொன்னேன். திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் கணக்கும் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"குருணை போட்டா மடைத்தண்ணி விடக்கூடாது, செடி வச்சப்புறம் போடக்கூடாதுன்னு சொல்ற. அதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார்.

அந்தத் தக்காளி பிழைக்கவில்லை. வேர்களோடு பிடுங்கிக் காயவைத்து எரித்தார். ஆடியில் அந்த நிலத்தில் செண்டுமல்லி நட்டார். அதன் வேர் கசியும் பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. ஆயுதபூசைக்குப் பூவும் விலை போகும். அதற்கடுத்துத் தக்காளி வைப்பதாக இருக்கிறார். நட்ட நாற்பதாம் நாள் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி, வேரை நீரில் அலசிப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.